கதையில் ஏறும் கார்

என்னுடைய நாவல் ஒன்றில் ஒரு பேபி ஆஸ்டின் கார் வருகிறது. கதை நடக்கும் காலம் 1938. ராத்திரி வேளை, நல்ல மழை. கதாநாயகன் சுந்தரம் டாக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சிறுமலையில் ஓர் எஸ்டேட் பங்களாவுக்குப் போகும் களிமண் பாதையில் ஏறுகிறான். மேலே ஒரு பெண் பிரசவ வேதனையில் கிடக்கிறாள். அந்த ஏற்றத்துக்கு நான் எழுதியிருந்தது மொத்தம் ஒரே வாக்கியம்: சுந்தரம் முதல் கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினான், கார் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. அடுத்த பாராவில் டாக்டர் கை கழுவிக்கொண்டிருக்கிறார்.

தொடர்கதையாக வந்தபோது அந்த அத்தியாயத்தைப் பாராட்டி நாலைந்து பேர் எழுதினார்கள். ஒருவர் மட்டும் ஒரு கார்டு போட்டிருந்தார். மோட்டார்ப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தது. "ஐயா, தாங்கள் எழுதியபடி செய்தால் கார் ஏறாது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அது 19 அங்குலச் சக்கரமா, 17 அங்குலமா? கிரௌன் பினியன் என்ன? பின்னால் கனம் ஏதாவது ஏற்றியிருந்தானா? இது ஒன்றும் தெரியாமல் டாக்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டீர்களே!"

எனக்குக் கோபம் வந்தது. நாவல் என்ன ரிப்பேர்க் கடைப் பட்டியலா என்று நினைத்துக் கார்டை ஒரு புத்தகத்தில் செருகி வைத்தேன். பிறகு மறந்தும் போனேன். ஆனால் கிழவர் கேட்டது இலக்கியக் கேள்விதான், பட்டறைக் கேள்வி இல்லை என்று பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அது தெரிந்த இடம் இங்கிலாந்தில், டெவன் ஜில்லாவில், ஒரு சேற்று மேடு.

சில வருஷங்களுக்கு முன் எக்ஸெட்டர் நகரில் என் பெண்ணின் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளை என்னை டார்ட்மூர் விளிம்பில் இல்சிங்டன் என்ற கிராமத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். "பழைய கார்கள் மேட்டில் ஏறுவதைப் பார்க்கலாம், வாருங்கள் மாமா" என்றார். கார்ப் பந்தயம் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே பந்தயம் ஒன்றும் இல்லை. யாரும் யாரையும் முந்தவில்லை. ஓர் ஒற்றையடிச் சந்து, இரண்டு பக்கமும் மண் கரை, தரையில் ஈரமான பாறையும் சேறும் அழுகிய இலையும். மூன்றடி போனால் ஓரடி உயரும் ஏற்றம். அதன் பெயர் சிம்ஸ் ஹில். ஒவ்வொரு காராக வந்து, நிற்காமல் உச்சிவரை ஏற வேண்டும். நின்றால் தோல்வி. அவ்வளவுதான் போட்டி.

இதை அவர்கள் டிரையல் என்கிறார்கள். மோட்டார் சைக்கிளிங் கிளப் என்று 1901-ல் ஏற்பட்ட ஒரு சங்கம் இதை நடத்துகிறது. பெயரில் சைக்கிள் இருந்தாலும் கார்களும் உண்டு. 1904-ல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஓர் ஓட்டம், 1908-ல் லாண்ட்ஸ் எண்டுக்கு, 1910-ல் எக்ஸெட்டருக்கு. இந்த மூன்றும் இன்றைக்கும் நடக்கின்றன. எடின்பரோ ஓட்டம் இப்போது எடின்பரோவுக்குப் போவதில்லை, டெர்பிஷயர் குன்றுகளோடு முடிந்துவிடுகிறது. பெயரை மட்டும் விடவில்லை. இங்கிலீஷ்காரர்கள் பெயர் விஷயத்தில் நம்மைப்போலத்தான். ஆரம்ப காலத்தில் வண்டி இத்தனை தூரம் பழுதில்லாமல் போய்ச் சேருமா என்பதே பரீட்சையாக இருந்தது. வண்டிகள் தேறத் தேற அது சுலபமாகிவிட்டது. எனவே வழியில் உள்ள மோசமான மேடுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார்கள். எக்ஸ்மூரில் பெக்கர்ஸ் ரூஸ்ட், கார்ன்வால் கடலோரத்தில் பழைய தகரச் சுரங்கத்தை ஒட்டிய புளூ ஹில்ஸ் மைன், இந்தச் சிம்ஸ் ஹில் என்று வரிசை நீண்டது.

ஒரு சங்கதியை முக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மேட்டடியில் இறக்கிவிடுவதில்லை. ராத்திரி முழுவதும் சாதாரண ரோட்டில், மற்ற வண்டிகளோடு, மழையிலும் பனியிலும் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். அதே கார், அதே சக்கரம், அதே கியர் பெட்டி. மேட்டுக்காக எதை மாற்றினாலும் அதற்கான வட்டியை ரோட்டில் நூற்றுக்கணக்கான மைலுக்குக் கட்டியாக வேண்டும். என் விமரிசனம் முழுவதும் இந்த ஒரு நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது. இது இல்லையென்றால் மேடு ஏறுவது வெறும் யந்திர பலம்.

நான் பார்த்தவற்றில் இரண்டு வண்டிகளைச் சொல்கிறேன். முதலாவது ஒரு சிறிய பழைய கார். ஒரு வயோதிகர் ஓட்ட, பக்கத்தில் அவர் சம்சாரம். கீழேயிருந்து எஞ்சின் ஊளையிட்டுக்கொண்டு வந்தது. நான் என் நாவலில் எழுதிய அதே உறுமல்! சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பாறைப் படி ஒன்றில் பின்சக்கரம் பட்டது. மறுகணம் இரண்டு பின்சக்கரங்களில் ஒன்று மட்டும் பம்பரமாகச் சுழன்றது; சேறு எங்கள் முகத்தில் அடித்தது; கார் அங்குலம்கூட நகரவில்லை. அந்த அம்மாள் ஆசனத்தில் எழுந்தெழுந்து தொப் தொப்பென்று குதித்தாள். பின்சக்கரத்தைத் தரையில் அழுத்துவதற்கு அதுவும் ஒரு வித்தையாம். எல்லோரும் செய்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை. பலிக்கவில்லை. கொடியைக் காட்டினார்கள். கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்தது ஒரு வோக்ஸ்வேகன் பீட்டில். சத்தமே இல்லை. ஏதோ கடைக்குப் போகிறவன் மாதிரி வந்தான். அந்தப் பாறைப் படியில் வண்டி ஒரு முறை முனகிற்று. சக்கரம் பாதிச் சுற்று வழுக்கி, பிறகு கவ்விக்கொண்டது. போய்விட்டான்.

உறுமினது தோற்றது, முனகினது ஜெயித்தது. கிழவரின் கார்டு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஏன் இப்படி என்று மாப்பிள்ளையையும், பிறகு அந்தச் சேற்றில் நின்ற இரண்டு மூன்று பேரையும் துளைத்தெடுத்தேன். அவர்கள் சொன்னதை என் புத்திக்கு எட்டின அளவில் சொல்கிறேன்.

மூன்றுக்கு ஒன்று ஏற்றத்தில் காரைக் கீழே இழுக்கும் விசை, காரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆட்களோடு சேர்த்து 600 கிலோ கார் என்றால் 190 கிலோ பின்னுக்கு இழுக்கிறது. சின்ன எஞ்சினிடம் நேராக அவ்வளவு பலம் கிடையாது. அதற்காகத்தான் கியர். எஞ்சின் பதினாறு, பதினேழு தரம் சுற்றினால் சக்கரம் ஒரு தரம் சுற்றும்படி செய்கிறோம். வேகம் குறைகிறது, முறுக்குப் பெருகுகிறது. கவலை ஏற்றத்தில் மாடு மெதுவாகப் போய் கனத்த சாலை இழுக்கிற மாதிரி. ஆகவே இன்னும் தாழ்ந்த கியர் போட்டால் இன்னும் நன்றாக ஏறும் என்று தோன்றுகிறது. எனக்குத் தோன்றிற்று, நாவலாசிரியர்கள் எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது.

ஆனால் முறுக்கைத் தரையில் செலுத்துவது டயர். ஈரப் பாறையிலும் சேற்றிலும் டயரால் ஓர் அளவுதான் பிடிக்க முடியும். அந்த அளவுக்கு மேல் எஞ்சின் கொடுக்கிற ஒவ்வொரு குண்டுமணி முறுக்கும் சக்கரத்தைச் சுழற்றுவதற்கே போகிறது. சுழல ஆரம்பித்த சக்கரத்துக்குப் பிடிப்பு இன்னும் குறைவு. அதோடு, டிஃபரன்ஷியல் என்ற ஏற்பாடு இரண்டு பின்சக்கரத்துக்கும் சம முறுக்கைத்தான் கொடுக்கும். ஒன்று வழுக்கிவிட்டால் மற்றதும் அந்த வழுக்கலுக்குத் தகுந்த பலத்தைத்தான் பெறும். மிகத் தாழ்ந்த கியரில் ஆக்ஸிலேட்டரை ஓர் இழை அதிகமாக மிதித்தாலும் இந்தக் கதிதான். சுந்தரம் அழுத்தினான் என்று நான் எழுதினேனே, அந்த இடத்திலேயே டாக்டர் இறங்கி நடந்திருக்க வேண்டும்.

அப்படியானால் உயர்ந்த கியர் வைத்துக்கொண்டு ஓட்டத்தோடு ஏறிவிட்டால் என்ன? வழுக்கலான மேட்டில் அது சரி. முறுக்கு மிதமாக இறங்குகிறது, வேகம் பாதி மேட்டைத் தாண்டிக் கொடுக்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் போட்டி நடத்துகிறவர்கள் ஒரு குறும்பு செய்திருக்கிறார்கள். சில மேடுகளில், செங்குத்தான நட்டநடுவில் கோடு போட்டு, அங்கே காரை நிறுத்தச் சொல்கிறார்கள். முழுக்க நிற்க வேண்டும். பிறகு பின்னால் உருளாமல் கிளம்ப வேண்டும். உயர்ந்த கியர்க்காரன் இங்கே அகப்பட்டுக்கொள்கிறான். எஞ்சின் இழுக்காது, கிளட்சை அரைகுறையாக விட்டு வழுக்க வைத்து வழுக்க வைத்துக் கிளம்பப் பார்ப்பான், கிளட்ச் கருகும் வாசனை நூறடிக்கு வரும். வழுக்கு மேட்டுக்கு ஒரு கியர், நின்று கிளம்பும் மேட்டுக்கு வேறொரு கியர், ராத்திரி ரோட்டுக்கு மூன்றாவது ஒன்று. இருப்பதோ ஒரு கார். தீர்மானத்தைப் போட்டிக்கு ஒரு மாசம் முன்னால், வீட்டுக் கொட்டகையில், மேடு ஈரமாக இருக்குமா காய்ந்திருக்குமா என்பது தெரியாமல் செய்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் சக்கரத்தின் அளவு வந்து சேர்கிறது. கிரௌன் பினியனை மாற்றுவது பெரிய வேலை. பின் ஆக்ஸிலைப் பிரிக்க வேண்டும், பல் பொருத்தம் பார்க்க வேண்டும். சக்கரத்தை மாற்றுவது அரை மணி வேலை. சின்னச் சக்கரம் ஒரு சுற்றில் குறைந்த தூரம் போகிறது. ஆகவே கியரைத் தாழ்த்தின பலனே கிடைக்கிறது. ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. பேபி ஆஸ்டினுக்கு முதலில் 19 அங்குலச் சக்கரம். 1934-ல் ரூபி என்ற மாடல் வந்தபோது 17 அங்குலமாக்கினார்கள். இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த எண் இரும்பு வளையத்தின் அளவு. அதன்மேல் டயர் இருக்கிறது. 19-க்கு 3.50 டயர் என்றால் மொத்தக் குறுக்களவு 26 அங்குலம், 17-க்கு 4.00 டயர் என்றால் 25. வித்தியாசம் ஒரே அங்குலம், நூற்றுக்கு நாலு. கார்டு போட்ட கிழவர் 19-ஆ, 17-ஆ என்று கேட்டது இந்த நாலு பங்குக்காக மட்டும் இராது. எந்த வருஷத்துக் கார் என்பது எனக்குத் தெரியுமா தெரியாதா என்று ஆழம் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

இதைவிடத் தெளிவான உதாரணம் எம்.ஜி. கார்கள். 1945 முதல் 1949 வரை டி.சி. என்ற மாடலைச் செய்தார்கள். உயரமான, மெலிந்த 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கும். அதற்கடுத்து வந்த டி.டி.க்கு 15 அங்குலத் தகட்டுச் சக்கரம். டயரோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் முன்னது 28 அங்குலம், பின்னது 26. ஆக்ஸில் விகிதம் இரண்டுக்கும் ஒன்றே: 8 பல்லுக்கு 41 பல், அதாவது 5.125. சக்கரத்தை மட்டும் சின்னதாக்கியதால், டி.சி.யின் ஆக்ஸிலை 5.5-க்கு மாற்றின மாதிரி ஆகிவிட்டது. மேல் கியரில் எஞ்சின் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றினால், கணக்குப்படி டி.சி. மணிக்கு 26 கிலோமீட்டர் போகும், டி.டி. 24. ஏழு சதவீதம் அற்பம் என்று தோன்றலாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் ராத்திரி முழுவதும் போகிறவனுக்கு ஒவ்வொரு நிமிஷமும் இருநூறு சுற்றுக்கு மேல் அதிகம். காது சொல்லும், எண்ணெய் சொல்லும், விடியற்காலையில் அவன் முகம் சொல்லும்.

சின்னச் சக்கரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. குறுக்களவில் இரண்டு அங்குலம் குறைந்தால் ஆக்ஸில் ஓர் அங்குலம் தாழ்கிறது. பழைய கார்களில் பின் ஆக்ஸிலின் நடுவில் டிஃபரன்ஷியல் பெட்டி பூசணிக்காய் போலத் தொங்குகிறது. நூறு வண்டிகள் போய்ச் சக்கரத் தடம் பள்ளமாகி, நடுவில் மண்ணும் கல்லும் வரம்பாக நிற்கும் மேட்டில் அந்த ஓர் அங்குலம் உயிர். பூசணிக்காய் கல்லில் உட்கார்ந்துவிட்டால் எந்தக் கியரும் பிரயோஜனமில்லை. பாறைப் படியின்மேல் ஏறுவதற்கும் பெரிய சக்கரமே சுலபம். படி அதன் வளைவில் தாழ்வான இடத்தில் படுகிறது. சின்னச் சக்கரத்துக்கு அதே படி சுவராகி நிற்கிறது. நான் பார்த்த வயோதிகரின் வண்டியில் பின்சக்கரம் மட்டும் சின்னதாக, தடித்த டயரோடு இருந்தது. கியரைத் தாழ்த்திக்கொண்டதால் வழுக்கினார், சக்கரத்தைத் தாழ்த்திக்கொண்டதால் படியில் இடித்தார். ஒரு காரியத்தால் இரண்டு தோல்வி. பாவம், சம்சாரத்தையும் குதிக்க வைத்தார்.

தடித்த டயர் பிடிக்காதா என்று கேட்பீர்கள். இது ஒரு பெரிய சர்ச்சை. ஆழமில்லாத சேறு, கீழே கெட்டித் தரை என்றால் மெல்லிய உயர்ந்த டயர் கத்திபோலச் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய்த் தரையைக் கவ்வுகிறது. அடியே இல்லாத சகதியில் அகன்ற டயர் மிதக்கிறது. பாறையில் காற்றைக் குறைத்தால் டயர் கல்லின் வடிவத்துக்கு வளைந்து ஒட்டிக்கொள்கிறது. மேட்டடியில் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு சக்கரத்தண்டை குந்தி உட்கார்ந்து காற்றை இறக்குகிறார்கள். உச்சியில் மறுபடி பம்பு அடிக்கிறார்கள். பஜனை மாதிரி ஒரு வரிசையில் உஸ் உஸ் என்று சத்தம். சில மேடுகளில் இதற்கு மேல் குறைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. முடிச்சு முடிச்சாகப் பல் வைத்த விசேஷ டயர்களை 1930-களின் கடைசியிலேயே தடை செய்துவிட்டார்கள். நல்ல காரியம். டயரே ஏறிவிட்டால் ஓட்டுகிறவன் எதற்கு?

பீட்டில் ஏன் சுலபமாகப் போயிற்று என்பதற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. எஞ்சின் பின்னால் இருக்கிறது. வண்டி எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் ஓட்டும் சக்கரத்தின்மேல். மற்றவர்கள் ஸ்டெப்னியை இரண்டாக்கிப் பின்னால் கட்டிச் சம்பாதிக்கிற கனம் அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. மற்றது கொஞ்சம் நுட்பமானது. எனக்கு மிகவும் பிடித்தது.

அந்தக் காரின் கியர் பெட்டியில் முதல் கியர் 3.80, இரண்டாவது 2.06. இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம். முதல் கியரில் எஞ்சினை 4,000 சுற்றுக்கு ஏற்றிவிட்டு இரண்டாவதுக்கு மாற்றினால் அது 2,200-க்குக் கீழே விழுந்துவிடும், மேட்டில் செத்துவிடும். ஆகவே பீட்டில்காரனுக்கு முதல் கியர் ஒன்றுதான் கதி. இப்போது கிரௌன் பினியனை மாற்றினால் என்ன ஆகும்? 4.125 வைத்த வண்டிகளும் உண்டு, 4.375 வைத்தவையும் உண்டு. தாழ்ந்ததைப் போட்டால் எல்லாக் கியரும் சேர்ந்து தாழ்கின்றன. முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. பல பேருக்கு இது புரிவதில்லை என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். முதல் கியர் போதவில்லை என்று ஆக்ஸிலைத் தாழ்த்துவார்கள். அப்புறம் முதல் கியர் அளவுக்கு மீறி அலறுகிறது என்று பெரிய சக்கரம் போடுவார்கள். பழைய இடத்துக்கே வந்து சேர்வார்கள், செலவு மட்டும் மிச்சம். நான் பார்த்த பையன் 4.375 வைத்திருந்தான். 15 அங்குலச் சக்கரத்தோடு முதல் கியரில் ஆயிரம் சுற்றுக்கு மணிக்கு ஏழே கால் கிலோமீட்டர். நடக்கிறவனைவிடக் கொஞ்சம் வேகம். எஞ்சினை ஆயிரத்தைந்நூறுக்கு மேல் அவன் விடவேயில்லை. தாழ்ந்த கியர் வைத்துக்கொண்டு அதை மிதிக்காமல் இருக்கத் தெரிந்தவன். எவ்வளவு பேருக்கு வரும் அது?

இந்தச் சங்கத்தாரின் எழுத்துக்களைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். உலகப் போருக்கு முந்தைய டிரையல்களைப் பற்றி சி. ஏ. என். மே என்பவர் எழுதின புத்தகத்தின் பெயர் 'வீல்ஸ்பின்'. சக்கரம் பிடிப்பில்லாமல் சுழல்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஒரு சமையற்காரர் தம் சுயசரிதைக்கு 'அடிப்பிடித்தது' என்று பெயர் வைக்கிற மாதிரி. எனக்கு அது பெருந்தன்மையாகவும், நல்ல ரசனையாகவும் படுகிறது. ஆனால் இந்தத் துறைக் கட்டுரைகளில் பொதுவாக ஒரு குறை. எண்களைத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். இந்த விகிதம், இந்த டயர், இத்தனை பவுண்டு காற்று என்று. எதை விட்டுக்கொடுத்து அந்த எண்ணுக்கு வந்தார்கள் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். தாழ்ந்த கியரைச் சிபாரிசு செய்கிறவர் அதை வைத்துக்கொண்டு விடிய விடிய ரோட்டில் வந்த கஷ்டத்தைச் சொல்வதில்லை. நாவலாசிரியன் உச்சியை மட்டும் எழுதுவதைப் போலத்தான் இதுவும்.

என்னுடைய குற்றம் அவர்களுடையதைவிடப் பெரிது. நம் கதைகளில் வண்டிமாடு வந்தால் லாடம் தேய்ந்திருக்கிறதா, எந்த மாடு வலத்தில் பூட்டுவது என்றெல்லாம் எழுதுகிறோம். எழுதாவிட்டால் கிராமத்து வாசகர் சிரிப்பார் என்ற பயம் உண்டு. கார் வந்துவிட்டால் போதும், ஒரு 'உறுமல்', ஒரு 'சீறல்'. கதாநாயகனின் அவசரம் எவ்வளவோ அவ்வளவு வேகம். அவன் மனசே பெட்ரோல். ஆனால் சுந்தரத்துக்கு அன்று ராத்திரி உண்மையில் என்ன சோதனை? அவன் அவசரமே அவனுக்குச் சத்துரு. மேலே ஓர் உயிர் துடிக்கும்போது, கால் கட்டைவிரல் அழுத்து அழுத்து என்று சொல்லும்போது, அழுத்தாமல் இருக்க வேண்டும். டாக்டர் கனமான மனுஷர். அவரை முன்னாசனத்திலிருந்து எழுப்பிப் பின்னால் உட்காரச் சொல்ல வேண்டும். மரியாதைப்பட்ட பெரியவரிடம் அதை எப்படிச் சொல்வது? மேட்டடியில் மழையில் இறங்கிப் பின் டயரில் காற்றை இறக்க வேண்டும்; டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். ஒரு நல்ல அத்தியாயம் அங்கே கிடந்தது. நான் அதன்மேல் ஒரு வாக்கியத்தை ஏற்றி ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

நம் மலை ரோட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமே என்று ஒரு நண்பர் சொன்னார். கொடைக்கானல் ரோட்டுக்கு வேண்டாம்தான். அங்கே ஏற்றம் மிதம், தரை கெட்டி. அங்கே கவலை ரேடியேட்டர் கொதிப்பதும் இறங்கும்போது பிரேக் சூடாவதும்தான். நான் எழுதினது எஸ்டேட் களிமண் பாதை. அது சிம்ஸ் ஹில்லுக்குத்தான் தங்கை.

ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கார்டைத் தேடி எடுத்தேன். நாவலின் அடுத்த பதிப்புக்கு அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு மூன்று பக்கம் புதிதாக எழுதினேன். 1934-க்கு முந்தைய கார், 19 அங்குலச் சக்கரம் என்று நிர்ணயித்தேன். தடப் பள்ளத்தில் பூசணிக்காய் இடிக்காமலிருக்க அது உதவும். டாக்டரைப் பின்னால் தள்ளினேன். மருந்துப் பெட்டியையும் ஸ்டெப்னியையும் அவருக்குத் துணையாக வைத்தேன். சுந்தரம் கொண்டை ஊசி வளைவில் ஒரு தரம் வழுக்கி, உடனே காலைத் தளர்த்தி, கார் நிற்கப்போகிற கடைசி நொடியில் பிடிப்புக் கிடைத்து ஏறுகிறான். பக்கங்களைத் தட்டெழுத்தில் எடுத்துக் கிழவருக்கு அனுப்பி, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டிருந்தேன்.

பத்து நாளில் கார்டு வந்தது. கையெழுத்து முன்னைவிட நடுங்கியிருந்தது. "மூன்று பக்கமும் படித்தேன். டாக்டரைப் பின்னால் உட்கார வைத்தது நிரம்ப சரி. காற்றை இறக்கினவன் மேலே போய்ப் பம்பு அடித்ததாக எழுதவில்லையே? டாக்டரை மறுபடி கீழே கொண்டுவிட வேண்டாமா?"